அடைப்பில்லை என்றார்கள்

முதல் முறை வந்தபோது உள்ளிக்குத்தான் பெயர் கிடைத்தது.

விடியப்புறம் நான் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். மகள் வந்து கதவு நிலையில் சாய்ந்து நின்றாள். கை நெஞ்சின் நடுவில் இருந்தது. இந்த நேரத்தில் எழும்புகிற பிள்ளை அல்ல அவள். முன்பள்ளியில் படிப்பிக்கிறாள், எட்டு மணிக்குப் போனால் போதும் என்று ஏழு மணி வரை போர்த்துக்கொண்டு கிடப்பவள்.

“அம்மா, நெஞ்சுக்கை ஆரோ முழங்காலை வைச்சு அமத்திற மாதிரிக் கிடக்கு.”

“இரவு என்ன சாப்பிட்டனி?”

“நீங்கள் தந்த புட்டுத்தான்.”

“கத்தரிக்காய்க் குழம்பை ரெண்டு தரம் விட்டுச் சாப்பிட்டாய். வாய்வுதான் அது. இரு, உள்ளி அவிச்சுத் தாறன்.”

பூண்டு பாலில் அவிந்து வருவதற்குள் வலி போய்விட்டது. அவள் முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்தாள். பார்த்தாயா என்றேன். அடுத்த முறை ஓமத்தண்ணீருக்குப் பெயர் கிடைத்தது. அதற்கடுத்த முறை, பக்கத்து வளவில் இருக்கும் என் மச்சாள், அதாவது என் கணவரின் அக்கா, வந்து முதுகைத் தடவிவிட்டார். அவருடைய கைராசி என்றானது. சில நிமிடங்களில் தானாகப் போகிற வலிக்கு எதைக் கொடுத்தாலும் அது மருந்தாகிவிடும் என்பது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

பிறகு ஒரு நாள் வலி தாடைக்கு ஏறியது. இடது கையும் விறைத்தது. அவள் கழுத்தெல்லாம் வியர்த்திருந்ததைப் பார்த்ததும் என் கணவர் சேட்டைக்கூட ஒழுங்காகப் போடாமல் மோட்டார்சைக்கிளை எடுத்தார். நான் அவளைப் பின்னால் அணைத்துப் பிடித்துக்கொண்டு இருந்தேன். ஆசுப்பத்திரி வாசலில் இறங்கும்போது அவள் சொன்னாள்:

“அம்மா, போட்டுது.” வலி போய்விட்டதாம்.

உள்ளே ஈ.சி.ஜி. எடுத்தார்கள். தாளில் கோடு அழகாக, ஒரே மாதிரியான சின்னச் சின்ன மலைகளாக வந்தது. இளம் டொக்டர் ஒருவர் அதைப் பார்த்தார்.

“இப்ப நோ இருக்கோ தங்கச்சி?”

“இல்லை.”

“வரேக்கை இருந்ததோ?”

“இருந்தது. வாசலில போட்டுது.”

அவர் சிரிக்கவில்லை. ஆனால் நாங்கள் மூன்று பேரும் பொய் சொல்லிப் பிடிபட்டவர்கள் மாதிரி நின்றோம். இப்படி இன்னும் சில முறை நடந்தது. என் கணவருக்கு அலுப்பு வந்தது.

“இது மெக்கானிக்கிட்டைக் கொண்டுபோன உடனை சத்தம் நிக்கிற மோட்டார்சைக்கிள் மாதிரியெல்லே” என்றார்.

“நான் என்ன வேணுமெண்டே செய்யிறன்?” என்று மகள் அழுதாள்.

மச்சாளுக்கு ஒரு விளக்கம் இருந்தது. “அந்த நேரத்துப் பயமடி. சின்னப் பிள்ளையெண்டாலும் உள்ளுக்கை போயிருக்கும். இப்பதான் வெளியில வருது.” சண்டைக் காலத்தில் மகள் பங்கருக்குள் இருந்த வயது அவளுக்கே ஞாபகமில்லை. எனக்குத்தான் ஞாபகம். அப்போது அவள் பயந்ததாக எனக்கு நினைவில்லை. பிஸ்கட் கேட்டு அழுததுதான் நினைவிருக்கிறது. ஆனால் மச்சாள் சொன்னதை நான் முழுதாகத் தள்ளவும் இல்லை. எங்கள் பக்கத்தில் எந்த நோய்க்கும் கடைசியில் அந்த வருடத்தில் ஒரு இடம் ஒதுக்கி வைத்திருக்கிறோம். வேறு காரணம் கிடைக்காவிட்டால் அங்கே போய் நிற்போம்.

கடைசியில் யாழ்ப்பாணத்தில் ஓர் இருதய டொக்டரிடம் அனுப்பினார்கள். அவா என் வயதுக்காரி. மெதுவாகக் கதைப்பா. மகளை ஓடுகிற பட்டியில் ஏற்றி, நெஞ்சில் வயர்களை ஒட்டி, வேகத்தைக் கூட்டிக்கூட்டி ஓடவிட்டார்கள். நான் கண்ணாடிக்கு வெளியே நின்று கையைப் பிசைந்துகொண்டிருந்தேன். அவள் ஓடினாள். முகம் சிவந்தது, பின்னல் அங்குமிங்கும் அடித்தது, ஓடிக்கொண்டே இருந்தாள்.

“காணும், இறங்கும் தங்கச்சி” என்று தாதி மிஸ் சொன்னது கேட்டது. “உமக்கு ஒண்டுமில்லை. பாத்துக்கொண்டு நிண்ட எனக்குத்தான் மூச்சு வாங்குது.”

அப்போதுதான் எனக்குக் குழப்பம் சரியாகத் தொடங்கியது என்று நினைக்கிறேன். நான் உயர்தரத்தில் உயிரியல் படித்தவள். பல்கலைக்கழகம் போகக் கொடுத்துவைக்கவில்லை. ஓர் அரச அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருக்கிறேன். ஆனால் இதயத்தின் படத்தை இப்போதும் பார்க்காமல் வரைவேன். அதன் மேல் கிரீடம் வைத்த மாதிரி இரண்டு கிளை. முடியுரு நாடிகள் என்று பெயர் எழுதி அம்புக்குறி போட வேண்டும். சோதனையில் அதற்கு ஒரு புள்ளி. நான் அறிந்தவரை அந்த நாடி ஒடுங்கினால், உடம்பு வேலை செய்யும்போது இதயத்துக்கு இரத்தம் காணாது, அப்போது வலிக்கும். படி ஏறினால் வலிக்கும், ஓடினால் வலிக்கும், இருந்தால் போகும். என் மகளுக்கோ ஓடினால் ஒன்றும் இல்லை. படுத்தால் வலிக்கிறது. இதை ஆட்களுக்குச் சொல்லும்போது நான் மாறிச் சொல்லிவிட்டேனோ என்று அவர்கள் என் முகத்தைப் பார்ப்பார்கள். எனக்கே ஒரு கணம் சந்தேகம் வரும்.

அஞ்சியோ செய்து பார்ப்போம் என்றா டொக்டர். கையின் மணிக்கட்டால் மெல்லிய குழாய் ஒன்றை இதயம் வரை விட்டு, மருந்தைச் செலுத்திப் படம் பிடிப்பார்கள். அவளை உள்ளே கொண்டுபோன பிறகு நானும் கணவரும் நடையில் இருந்த கதிரைகளில் உட்கார்ந்தோம். அவர் கோயிலுக்கு அதிகம் போகிறவர் அல்ல. வயல், குளம், கமக்காரர் கூட்டம், அவ்வளவுதான். அன்றைக்கு அவருடைய உதடு அசைந்துகொண்டே இருந்தது. பிறகு என் பக்கம் திரும்பினார்.

“நேர்ந்திட்டன்.”

“என்னத்தை?”

“ஒண்டுமில்லையெண்டு வந்தால் பிள்ளை எங்கட அம்மன்ர வீதியில அடியழிப்பாள். மார்கழிப் பூசையில.”

ஈரத்துணியோடு நிலத்தில் விழுந்து வணங்கி, கை எட்டிய இடத்தில் எழுந்து நின்று, மறுபடி விழுந்து வணங்கிக் கோயிலைச் சுற்றி வருவது அடியழிப்பு. எங்கள் பக்கத்தில் பெண்கள் செய்கிற நேர்த்தி. அவர் எப்படி அதை நினைத்தார் என்று தெரியாது. அவருடைய தாய் அவருக்காகச் செய்திருக்கலாம்.

டொக்டர் வெளியே வந்தா. எங்களைப் பார்த்து, “இரத்தக் குழாயில அடைப்பில்லை. துப்பரவா இருக்கு” என்றா.

அதற்குப் பிறகும் அவா நெடுநேரம் கதைத்தா. உதடு அசைந்ததைப் பார்த்தேன். சுருங்கிறது என்று ஒரு சொல், குளிசை என்று ஒரு சொல், குளிர் என்று ஒரு சொல் காதில் விழுந்தன. நான் தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன். என் கணவர் ஏற்கெனவே கைலேஞ்சியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அக்காவுக்குப் போன் எடுக்கத் தொடங்கியிருந்தார். “புளொக் இல்லையாம், புளொக் இல்லையாம்” என்று அவர் கத்தியதில் நடையில் இருந்த முன்பின் தெரியாத ஒரு ஐயாவும் எங்களைப் பார்த்துக் கும்பிட்டார்.

ஊருக்கு அந்தச் சொல் எங்களுக்கு முன்னமே வந்து சேர்ந்திருந்தது. சந்திக் கடையில் கேட்டார்கள், அலுவலகத்தில் கேட்டார்கள். புளொக் இல்லை என்றேன். அதைச் சொல்வது எனக்குப் பிடித்திருந்தது.

தினமும் போட ஒரு குளிசையும், வலி வந்தால் நாக்குக்குக் கீழே வைக்க மண்ணிறப் போத்தலில் இன்னொரு குளிசையும் தந்திருந்தார்கள். தினக்குளிசை போடத் தொடங்கிய பிறகு வலி வரவேயில்லை. கால் மட்டும் பின்னேரத்தில் கொஞ்சம் வீங்கும், தலை இடிக்கும். சில கிழமை போனபின் மகள் கேட்டாள்:

“அடைப்பில்லையெண்டால் இது என்னத்துக்கு?”

“அதுதானே” என்றார் கணவர். “துருசு திறந்து கிடக்கு, வாய்க்கால் துப்பரவு எண்டு அவாவே படம் எடுத்துப் பாத்திட்டா. பிறகென்ன? தண்ணி வயலுக்குப் போகும்தானே.” துருசு என்றால் குளத்தின் மதகு. அவருக்கு உலகத்தில் எதையும் குளத்தில் தொடங்கி வயலில் முடித்தால்தான் விளங்கும். அன்று எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. குளிசையால் வலி நின்றதா, வலி இல்லாததால் குளிசை வேண்டாமா? இரண்டும் ஒரே மாதிரித்தான் வெளியே தெரிந்தன. அவள் நிறுத்தினாள். முதல் சில நாள் ஒன்றும் நடக்கவில்லை. கால் வீக்கமும் வற்றியது. எல்லோருக்கும் சந்தோஷம்.

மார்கழி வந்தது. நேர்த்திக்கடன் ஞாபகம் வந்தது.

“நேர்ந்தது நீங்கள். விழுந்து எழும்பிறது நானோ?” என்றாள் மகள்.

“உனக்காகத்தானே நேர்ந்தனான்.”

“நூறு தேங்காய் உடைக்கிறன் எண்டு நேர்ந்திருக்கலாமெல்லே?”

“தேங்காய் விக்கிற விலைக்கோ? நீ விழுந்து எழும்பிறதுதான் மலிவு.”

“கேட்டீங்களோ அம்மா, என்ர விலையை?”

மச்சாள் முற்றத்தில் நின்று கையைக் கொட்டிச் சிரித்தார். “போ மோனை, போய் அழி. உடம்பும் கொஞ்சம் மெலியும்.”

நாங்கள் போன விடியல் மழை விட்டிருந்தது. வாடைக்காற்று மட்டும் வயல்வெளியால் நேரே வந்து அடித்தது. கோயில் கிணற்றில் நான் அவளுக்கு அள்ளி ஊற்றினேன். கிணற்றுத் தண்ணீர் வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. மார்கழியில் அப்படித்தான் இருக்கும். அவள் கண்ணை மூடிக்கொண்டு, “இன்னும் ஊத்துங்கோ, நல்லாக் கிடக்கு” என்றாள். கிணற்றுக்கட்டிலிருந்து இறங்கிக் காற்றுப் பட்டபோதுதான் குளிர் தெரிந்தது. அவளுடைய பற்கள் அடித்தன. நான் துவாயைப் போர்க்கப் போனேன். ஈரத்தோடுதான் செய்ய வேண்டும் என்று யாரோ சொன்னார்கள். அது எனக்கும் தெரிந்ததுதான். துவாயை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டேன்.

முதல் சுற்று நன்றாகப் போனது. விழுவாள், கையை நீட்டுவாள், எழும்புவாள், ஓர் அடி வைப்பாள், மறுபடி விழுவாள். நான் பின்னால் கும்பிட்டபடி நடந்தேன். கணவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவளுக்கு முன்னால் கிடந்த கல்லையும் குச்சியையும் பொறுக்கி எறிந்துகொண்டு போனார். இரண்டாம் சுற்றில், கோயிலின் பின்வீதியில், அவள் விழுந்து வணங்கியவள் எழும்பவில்லை.

நான் காத்து நின்றேன். பின்னால் வந்த பெண்களும் நின்றார்கள். அவளுடைய நெற்றி மணலில் இருந்தது, கை இரண்டும் முன்னால் நீண்டிருந்தன. என்ன பக்தி பிள்ளைக்கு என்று பின்னால் ஒருத்தி மெல்லச் சொன்னாள். எனக்குக் கண்ணீர் வந்தது. பெருமையில்தான் வந்தது. நான் கையை இன்னும் உயர்த்திக் கும்பிட்டேன்.

பிறகு அவளுடைய விரல்கள் மணலைப் பிறாண்டுவதைக் கண்டேன். உடம்பு நடுங்கியது. “சாமி வந்திட்டுது” என்று ஒரு குரல் கேட்டது. ஒரு பெண் செம்புத் தண்ணீரோடு ஓடிவந்து அவளுடைய தலையிலும் முதுகிலும் ஊற்றினாள். வேப்பிலை கொண்டு வாங்கோ என்று இன்னொருத்தி கத்தினாள். நான் அப்போதும் நின்றுகொண்டுதான் இருந்தேன். சாமி வந்திருந்தால் நான் தொடக்கூடாதே என்று யோசித்ததாக நினைவு.

அவள் முகத்தைத் திருப்பினாள். வாயில் மணல் ஒட்டியிருந்தது.

“அம்மா, அதுதான்.”

மண்ணிறப் போத்தல் வீட்டில் அலுமாரிக்குள் இருந்தது. நல்ல காலம், கோயிலிலிருந்து ஆசுப்பத்திரி கிட்ட. பூசைக்கு ஆட்களை ஏற்றி வந்த ஓட்டோ ஒன்று வாசலில் நின்றது. அவளைத் துவாயால் சுற்றித் தூக்கிக்கொண்டு போய் ஏற்றினோம். வழியெல்லாம் நான் கேட்டுக்கொண்டே வந்தேன், இருக்கோ, இருக்கோ என்று. அவள் தலையை அசைத்தாள். இருக்கிறது. இத்தனை நாளும் வாசலில் போய்விடுகிற வலி இந்த முறை வாசலைத் தாண்டியும் அவளோடு வந்தது.

வயர்களை ஒட்டினார்கள். தாள் ஓடத் தொடங்கியது. நான் எட்டிப் பார்த்தேன். அது எனக்குத் தெரிந்த கோடு அல்ல. சின்ன மலைகளைக் காணவில்லை. ஒவ்வொரு துடிப்பின் பின்னும் கோடு கீழே இறங்காமல் மேலேயே தூக்கிக்கொண்டு நின்றது. மிஸ் டொக்டரைக் கூப்பிட்ட குரலில் நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். டொக்டர் ஓடிவந்து அவளுடைய நாக்குக்குக் கீழே மருந்தை விசிறினார். தாள் ஓடிக்கொண்டே இருந்தது. கொஞ்ச நேரத்தில், எங்கள் கண்ணுக்கு முன்னாலேயே, கோடு ஒவ்வொரு துடிப்பாகக் கீழே இறங்கி, பழைய இடத்துக்கு வந்து, சின்னச் சின்ன மலைகளாகப் போகத் தொடங்கியது.

“இது நெஞ்சுதான்” என்றார் டொக்டர்.

அந்த நேரம் எனக்கு என்ன வந்தது என்று இன்றும் சொல்லத் தெரியவில்லை. பயம் என்றால் பயம். ஆனால் அதற்குள் ஒரு நிம்மதியும் கிடந்தது. என் பிள்ளை பொய் சொல்லவில்லை என்று அந்தத் தாளைத் தூக்கி எல்லோருக்கும் காட்ட வேண்டும் போல இருந்தது. தன் பிள்ளைக்கு வந்தது இருதய வருத்தம்தான் என்று கேட்டு ஒரு தாய் சந்தோஷப்படுவாளா? நான் பட்டேன். அடுத்த நிமிடம் நடையில் போய் நின்று வாந்தி எடுத்தேன்.

பிறகு அவளை யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினார்கள். அதே டொக்டர். ஏசுவா என்று நினைத்துக்கொண்டு போனோம். அவா ஏசவில்லை. அன்றைக்குச் சொன்னதையே இன்னும் மெதுவாகச் சொன்னா. இந்த முறை நாங்கள் கேட்டோம்.

“நீங்கள் அதை பைப் எண்டு நினைக்கிறீங்கள் அம்மா. பைப் இல்லை. அந்தக் குழாயின்ர சுவர் முழுக்கத் தசை. இதயம் கூட வேலை செய்தால் தசை இளகி வழி விடும், இரத்தம் கூடப் போகும். ஓடேக்கை இவவின்ர குழாய் அதைச் சரியாச் செய்யுது. அதாலதான் ஓடினால் ஒண்டுமில்லை.”

“படுத்திருந்தால்?” என்று கேட்டேன்.

“விடியப்புறத்தில அந்தத் தசை தானாக் கொஞ்சம் இறுகும். எல்லாருக்கும்தான். இவவுக்கு ஒரேயடியாப் பொத்திக்கொள்ளுது. பொத்தினால் அந்தப் பக்கத்துக்கு இரத்தம் இல்லை. பிறகு விடும். விட்டாப்பிறகு படம் எடுத்தால் துப்பரவாத்தான் தெரியும்.”

கணவர் கையைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். “வாய்க்கால் கரை தானா வந்து ஒட்டுமோ டொக்டர்?”

“இஞ்ச ஒட்டுது ஐயா.”

“அப்ப ஏன் ஒட்டுது?”

“குளிர் ஒரு காரணம். குளிசையைத் திடீரெண்டு விட்டது ஒரு காரணம். சிகரெட் பத்திற ஆக்களுக்கு வரும், இவவுக்கு அதில்லை. குழாயின்ர உள்சுவர்தான் இளகு எண்டு தசைக்குச் சொல்லுறது. அது பழுதாப் போனால், இளகச் சொல்லுற அதே சேதிக்கு இது இறுகிப்போகும். ஏன் சில பேருக்கு மட்டும் அப்பிடி எண்டு எங்களுக்கும் முழுசாத் தெரியாது.”

இன்னொன்றும் சொன்னா. உடம்பின் மற்ற இடங்களுக்கெல்லாம் இதயம் சுருங்கும்போது இரத்தம் போகிறது. ஆனால் சுருங்கும்போது அது தன்னுடைய குழாய்களையே நெரித்துக்கொள்கிறதாம். அதனால் தனக்கான இரத்தத்தில் பெரும்பங்கை ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவில், தளர்ந்து கிடக்கிற அந்த இடைவெளியில்தான் எடுத்துக்கொள்கிறதாம். நான் இதயத்தை எத்தனை தரம் வரைந்திருப்பேன். சிவப்புப் பென்சில், நீலப் பென்சில், அம்புக்குறி. இதை நான் ஒருபோதும் கேட்டதில்லை. எல்லோருக்கும் கொடுத்த பிறகு மிஞ்சுகிற நேரத்தில் தான் சாப்பிடுகிற ஓர் உறுப்பை நான் சும்மா ஒரு பம்பி என்று நினைத்து வைத்திருந்தேன்.

எழும்பப் போகும்போது டொக்டர் என்னிடம் கேட்டா: “பிள்ளைக்கு அண்மையில ஏதாவது பெரிய அதிர்ச்சி, கவலை?”

நான் வாயைத் திறந்தேன். அண்மை என்றால் எவ்வளவு தூரம்? இடம்பெயர்ந்து போன பாதையெல்லாம் ஒரு நொடியில் கண்ணுக்குள் வந்து போனது. அதைச் சொல்வதா, போன வருடம் சரிவராமல் போன சம்பந்தத்தைச் சொல்வதா, முன்பள்ளியில் ஒரு குழந்தை விழுந்து பல் உடைந்ததற்கு அவள் மூன்று நாள் அழுததைச் சொல்வதா? எனக்கு வந்த அதிர்ச்சிகளையும் அவளுக்கு வந்தவற்றையும் பிரித்தெடுக்க முடியவில்லை. மகள்தான் பதில் சொன்னாள்:

“அப்பா நேர்ந்ததுதான் டொக்டர்.”

டொக்டர் சிரித்துவிட்டா. என் கணவர் தலையைக் குனிந்துகொண்டார். சிரித்தாரா என்று பார்க்க முடியவில்லை.

இப்போது குளிசையை அவள் விடுவதில்லை. குளிக்கச் சுடுதண்ணீர். நாக்குக்கு வைக்கும் குளிசைப் போத்தல் ஒன்று அவளுடைய தலைமாட்டில், ஒன்று கைப்பைக்குள். இருந்துகொண்டுதான் வைக்க வேண்டும், நின்றுகொண்டு வைத்தால் தலைசுற்றி விழக்கூடும். வைத்தும் போகாவிட்டால் அம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். இவ்வளவும் எனக்குப் பாடம். பாடமில்லாதது விடியப்புறம்தான். நான் அந்த நேரத்தில் எழும்பி அவளுடைய அறை வாசலில் போய் நிற்பேன். போர்வை ஏறி இறங்குகிறதா என்று பார்ப்பேன்.

“அம்மா, இப்பிடி இருட்டுக்கை வந்து நிண்டால் உங்களைக் கண்ட பயத்திலயே எனக்கு நெஞ்சு நிண்டிடும்” என்றாள் ஒரு நாள். “வந்தால் கூப்பிடுவன். கூப்பிடாமல் வராதேங்கோ.”

மச்சாள் இப்போதும் பயம்தான் காரணம் என்கிறார். இருக்கலாம் என்கிறேன். ஊரில் கேட்பவர்களுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. புளொக் இல்லை, ஆனால் இருதய வருத்தம் என்றால் அவர்களுக்கு விளங்குவதில்லை. அலுவலகத்தில் ஒருவர், “அப்ப பிள்ளை சும்மா பயந்திட்டா போல” என்றார். நான் ஓம் என்றேனா இல்லை என்றேனா ஞாபகமில்லை.

போன கிழமை அவள் கூப்பிட்டாள்.

நான் போனபோது கட்டிலில் இருந்து இறங்கிக் கதிரையில் இருந்தாள். குளிசை ஏற்கெனவே நாக்குக்குக் கீழே. ஏதாவது கேட்கப் போனேன். கையை உயர்த்தி வேண்டாம் என்று காட்டினாள். கணவரும் எழும்பி வந்து கதவடியில் நின்றார். அவளுடைய கழுத்தில் நரம்பு துடிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு துடிப்பு, ஒரு இடைவெளி. அந்த இடைவெளி இன்னும் கொஞ்சம் நீண்டால் என்ன என்று இருந்தது. நீண்டுவிடுமோ என்றும் பயமாக இருந்தது. எதை வேண்டுவதென்றே தெரியவில்லை. நேர்த்தி வைக்க வாய் வரவில்லை.

“போட்டுது” என்றாள். “தலை இடிக்குது. குளிசையாலதான்.”

“ஆசுப்பத்திரிக்குப் போவம்” என்றார் கணவர்.

“கிளினிக் வாற செவ்வாய் அப்பா. டொக்டருக்குப் போன் பண்ணிச் சொல்லுறன். போகாட்டித்தானே ஓடிவரச் சொன்னவா.”

வெளிச்சம் வந்ததும் டொக்டருக்குச் சொன்னாள். இரவில் போடும் தினக்குளிசையின் அளவைக் கூட்டச் சொன்னார்களாம். திரும்ப வந்தால் உடனே வரட்டாம். பிறகு அவள் சீலை உடுத்தி, தலை பின்னி, ஸ்கூட்டியின் சாவியை எடுத்தாள். முன்பள்ளியில் அன்று பிள்ளைகளுக்கு விளையாட்டுப் போட்டிக்கான ஓட்டப் பயிற்சியாம்.

“ஓட்டமோ? நீ இண்டைக்கு ஒரு இடமும் போகேல்லை” என்றார் அவர். என்னைப் பார்த்தார். “சொல்லன் நீ.”

வீட்டில் படுத்திரு பிள்ளை என்று சொல்ல வாயெடுத்தேன். எந்தத் தாயும் அதைத்தான் சொல்வாள். சொல்லும் முன்னமே அந்தச் சொல் வாய்க்குள் அர்த்தமில்லாமல் போனது. படுத்திருக்கும்போதுதானே வருகிறது? நான் அவளை எங்கே வைத்துப் பாதுகாப்பது? கட்டிலிலா, வெயிலிலா?

“போகட்டும்” என்றேன். “பாக் எடுத்தனியோ?”

கைப்பையைத் திறந்து போத்தலைத் தூக்கிக் காட்டினாள். படலையைத் தாண்டி ஸ்கூட்டி றோட்டில் ஏறியது. கணவர் என்னை ஒரு பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

“விட்டிட்டியே?”

“இருக்க விட்டால் மட்டும்?”

அவர் மண்வெட்டியை எடுத்துத் தோளில் வைத்தார், பிறகு இறக்கி வைத்தார். அன்று காலை நாங்கள் இரண்டு பேரும் வேலைக்குப் பிந்தித்தான் போனோம்.